அமெரிக்க ராணுவத்தில் ரப்பியாகப் பணியாற்ற: எந்தக் கதவை முதலில் தட்ட வேண்டும்?

என் மகன் ரப்பி, அதாவது யூத மதகுரு. பென்சில்வேனியாவில் ஒரு சிறிய சினகாக்கில், அதாவது யூதக் கோவிலில், வேலை. மாதத்தில் ஒரு வார இறுதி அமெரிக்க ராணுவ ரிசர்வ் படையில் சாப்லின். படையோடு கூடவே இருக்கும் மதகுருவை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். என் கணவர் யூதர். நான் மயிலாடுதுறைக்காரி. இந்த இரண்டு வேலைக்குமான காகிதங்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு நானும் அவனும் மூன்று வருடம் அல்லாடினோம். அதில் ஒன்றரை வருடம் முழுக்க வீண். எதை முதலில் செய்ய வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

எங்களைப் போலக் கலப்புத் திருமணம் செய்த தமிழ்க் குடும்பங்கள் அமெரிக்காவில் இப்போது நிறைய. பிள்ளை ஒருநாள் வந்து "நான் ரப்பி ஆகப் போகிறேன், ராணுவத்திலும் சேரப் போகிறேன்" என்று சொன்னால் உங்களுக்கு இது உதவும். நீங்களே அந்தப் பிள்ளையாக இருந்தால் இன்னும் நல்லது.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராணுவத்துக்கு ஆள் சேர்க்கும் ரெக்ரூட்டரிடம் போவதற்கு முன், எண்டார்ஸ்மென்ட் என்ற மத ஒப்புதலைத் தரும் அமைப்பிடம் பேசுங்கள். முடிந்தால் செமினரியில், அதாவது ரப்பிப் படிப்புக்கான கல்லூரியில், சேருவதற்கு முன்பே பேசுங்கள். நாங்கள் தலைகீழாகப் போனோம்.

1. உங்களை யூதராக யார் ஏற்பார்கள் என்று முதலில் பாருங்கள்

தாய் யூதர் அல்லாத வீடுகளில் இதுதான் முதல் முட்டுக்கட்டை. ஆர்த்தடாக்ஸ், கன்சர்வேட்டிவ் என்ற இரண்டு பெரும் பிரிவுகளிலும் தாய் யூதராக இருந்தால்தான் பிள்ளை பிறப்பால் யூதர். ரிஃபார்ம் பிரிவு 1983-லிருந்து, பெற்றோரில் யாராவது ஒருவர் யூதராக இருந்து பிள்ளையும் யூதராகவே வளர்ந்திருந்தால் ஏற்றுக்கொள்கிறது.

என் மகன் சின்ன வயதிலிருந்தே சினகாக் போனவன், எபிரேயம் படித்தவன், பதின்மூன்றாம் வயதில் பார் மிட்ஸ்வா என்ற வயதுவரும் சடங்கைச் செய்தவன். அவனுக்கு இதில் ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. ஆனால் அவன் முதலில் விசாரித்த செமினரி ரிஃபார்ம் பிரிவைச் சேர்ந்ததல்ல. விண்ணப்பத்தில் தாயின் மதம் கேட்டார்கள். அதைப் படித்துவிட்டு அவன் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். "அம்மா, இதில் உன் தப்பு எதுவும் இல்லை" என்றான். முறைப்படி மதம் மாறிய சான்று வேண்டும் என்று அந்தப் பள்ளியிலிருந்து பதில் வந்தது.

சரி, என்ன செய்யலாம்? இரண்டு வழி. ரிஃபார்ம் செமினரிக்குப் போகலாம். இல்லாவிட்டால் முறைப்படி மாறலாம். மூன்று பேர் கொண்ட பேத் தீன் என்ற மதமன்றத்தின் முன் நிற்க வேண்டும், மிக்வே என்ற நீர்த்தொட்டியில் மூழ்கி எழ வேண்டும். ஆணாக இருந்து ஏற்கனவே சுன்னத்து செய்திருந்தால், அடையாளமாக ஒரு துளி ரத்தம் எடுப்பார்கள். மிக்வேக்கும் மன்றத்துக்கும் சிறு கட்டணம் இருக்கும், ஊருக்கு ஊர் மாறும்.

இதில் கவனிக்க வேண்டியது: ரிஃபார்ம் மன்றம் தந்த சான்றை ஆர்த்தடாக்ஸ் பிரிவு ஏற்காது. எந்தப் பிரிவில் ரப்பியாகப் போகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டு, அந்தப் பிரிவு ஏற்கும் மன்றத்திடம் போங்கள். சான்று கையில் வந்த அன்றே ஸ்கேன் செய்து நாலு இடத்தில் வையுங்கள். செமினரி, எண்டார்ஸ்மென்ட், பிறகு திருமணம் என்று அந்த ஒற்றைத் தாளை வாழ்நாள் முழுக்கக் கேட்பார்கள்.

2. செமினரி: 72 என்ற எண்ணை மனதில் வையுங்கள்

ரப்பி ஆக, இளங்கலைப் பட்டத்துக்கு மேல் பெரும்பாலும் ஐந்து வருடம் படிக்க வேண்டும். ரிஃபார்முக்கு ஹீப்ரூ யூனியன் காலேஜ், கன்சர்வேட்டிவுக்கு நியூயார்க்கின் ஜூயிஷ் தியாலஜிகல் செமினரி, லாஸ் ஏஞ்சலிஸின் ஸீக்லர் பள்ளி, ஆர்த்தடாக்ஸுக்கு யெஷிவா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த செமினரி, ரீகன்ஸ்ட்ரக்ஷனிஸ்ட் பிரிவுக்கு பிலடெல்ஃபியா பக்கத்தில் ஒரு கல்லூரி. இவை தெரிந்த பெயர்கள். பாஸ்டன் பக்கம் ஹீப்ரூ காலேஜ் எந்தப் பிரிவையும் சாராதது.

சேரும்போது கேட்பவை: டிரான்ஸ்கிரிப்ட் என்ற மதிப்பெண் பட்டியல், கட்டுரைகள், பரிந்துரைக் கடிதங்கள், எபிரேய மொழித் திறன், நேர்காணல். சில இடங்களில் உளவியல் மதிப்பீடும் உண்டு. எபிரேயத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். பிரார்த்தனைப் புத்தகத்தை வாசிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, இலக்கணம் தெரிய வேண்டும். சேருவதற்கு முந்தைய கோடையில் தீவிர வகுப்பு ஒன்றுக்குப் போங்கள்.

இப்போது ராணுவக் கணக்கு. சாப்லின் ஆக, பாதுகாப்புத் துறையின் விதிப்படி அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் குறைந்தது 120 செமஸ்டர் கிரெடிட் (பாடங்களை எண்ணும் அலகு) கொண்ட இளங்கலைப் பட்டம் வேண்டும். அதற்கு மேல் இறையியல் அல்லது அதைச் சார்ந்த துறையில் 72 செமஸ்டர் கிரெடிட் கொண்ட முதுகலைப் பட்டம் வேண்டும். குவார்ட்டர் முறையில் படித்தால் 108.

இங்கே மூன்று பள்ளங்கள் இருக்கின்றன.

முதலாவது, ஸ்மிக்கா வேறு, பட்டம் வேறு. ஸ்மிக்கா என்பது ரப்பி என்ற குருப்பட்டம். யெஷிவா என்ற பாரம்பரிய மதப் பாடசாலைகள் பல நல்ல ஸ்மிக்கா தரும், ஆனால் அங்கீகாரம் பெற்ற பட்டம் தராது. தல்மூத் என்ற மதச்சட்ட நூலைக் கரைத்துக் குடித்தவராக இருந்தாலும் ராணுவக் கணக்கில் அந்தப் படிப்பு பூஜ்யம் ஆகிவிடலாம்.

இரண்டாவது, கிரெடிட் மாற்றம். என் மகன் ஒரு கோடையில் வெளியே ஒரு யெஷிவாவில் படித்தான். செமினரி அதைத் தன் பாடத்திட்டத்துக்கு ஈடாக ஏற்று, அந்த அளவுக்கு வகுப்புகளைக் குறைத்தது. பட்டம் வாங்கினான். டிரான்ஸ்கிரிப்ட்டை எண்ணிப் பார்த்தபோது 64-தான் வந்தது. மீதி 8 கிரெடிட்டுக்காக மதப்பணி சார்ந்த ஆலோசனை வகுப்புகளைத் தொலைநிலையில், கைக்காசு போட்டு, ஒரு வருடம் படித்தான். கடைசி வருடம் தொடங்கும்போதே பதிவாளரிடம் போய், "பட்டம் வாங்கும் நாளில் என் டிரான்ஸ்கிரிப்ட்டில் எத்தனை கிரெடிட் அச்சாகியிருக்கும்?" என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

மூன்றாவது, இந்தியாவில் படித்தவர்களுக்கு. நம் ஊர் மூன்று வருட பி.எஸ்சி., பி.காம். பட்டங்களை மதிப்பிட்டால் பெரும்பாலும் 90 கிரெடிட்தான் வரும். 120-க்கு மீதியை இங்கே படித்துத்தான் நிரப்ப வேண்டும். மதிப்பீட்டுக்குச் சுமார் 200 டாலர் ஆகும். அதைவிட, சொந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து முத்திரையிட்ட உறை வருவதற்கு மாதக்கணக்கில் ஆகும். அந்தக் காத்திருப்பைக் கணக்கில் வையுங்கள்.

அப்புறம், பல செமினரிகளில் ஒரு வருடம் ஜெருசலேமில் படிக்க வேண்டியிருக்கும். வாடகை, விமானம், காப்பீடு எல்லாம் கல்விக் கட்டணத்துக்கு வெளியே. அங்கே இருக்கும்போது வீட்டு முகவரி, வீட்டுக்காரர் பெயர், உங்களை அங்கே தெரிந்த ஒருவரின் தொலைபேசி எண் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எதற்கு என்று 6-ஆம் படியில் சொல்கிறேன்.

3. எண்டார்ஸ்மென்ட்: எல்லாவற்றுக்கும் சாவி

அமெரிக்க அரசு யாரையும் மதகுரு என்று தானாகச் சான்று தராது. மத அமைப்பு ஒன்று "இவர் எங்கள் குரு, படையில் பணியாற்றத் தகுதியானவர்" என்று எழுதித் தர வேண்டும். அந்தத் தாள்தான் டிடி 2088 என்ற படிவம். அது இல்லாமல் உங்கள் விண்ணப்பம் நகராது.

யூதர்களுக்கு இதைத் தரும் அமைப்புகளில் பெரியது ஜேடபிள்யூபி ஜூயிஷ் சாப்லின்ஸ் கவுன்சில். எல்லாப் பிரிவு ரப்பிகளுக்கும் அது தருகிறது. சபாத் (Chabad) என்ற ஆர்த்தடாக்ஸ் இயக்கத்தோடு தொடர்புடைய அலெஃப் இன்ஸ்டிட்யூட் இன்னொன்று, ஆர்த்தடாக்ஸ் வழி. பெண் ரப்பிகள் ஜேடபிள்யூபி வழியாகத்தான் போக வேண்டியிருக்கும்.

எங்களுக்கு நடந்தது இது. கல்லூரியில் ஒரு வேலைவாய்ப்புக் கூட்டத்தில் ரெக்ரூட்டர் ஒருவர் என் மகனிடம் பேசினார். நல்ல மனிதர். ஆனால் சாப்லின் சேர்க்கை அவர் பிரிவு இல்லை. "முதலில் மற்ற காகிதங்களை முடிப்போம், சர்ச்சுக் கடிதம் பிறகு வாங்கிக்கொள்ளலாம்" என்றார். மருத்துவப் பரிசோதனை, கைரேகை எல்லாம் முடிந்து எட்டு மாதம் கழித்து எண்டார்ஸ்மென்டுக்குப் போனோம். அங்கே அவன் டிரான்ஸ்கிரிப்ட்டைப் பார்த்த பத்தாவது நிமிடத்தில் 64 என்ற எண் வெளியே வந்தது. மீதி கிரெடிட்டைப் படித்து முடிப்பதற்குள் மருத்துவச் சான்று காலாவதியாகிவிட்டது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

அதனால் ரெக்ரூட்டரைப் பார்க்கப் போனால் சாப்லின் ரெக்ரூட்டர் யார் என்று கேட்டு அவரிடம் மட்டும் பேசுங்கள். சாப்லின் சேர்க்கைக்கென்றே தனி ஆட்கள் இருக்கிறார்கள்.

எண்டார்ஸ்மென்டுக்கு முன் நேர்காணல் இருக்கும். ஏன் படை, ஏன் சினகாக் மட்டும் போதாது, குடும்பம் என்ன சொல்கிறது, தனியாக இருக்கத் தாங்குவீர்களா என்றெல்லாம் கேட்பார்கள். ரப்பிப் பட்டச் சான்று, டிரான்ஸ்கிரிப்ட், பரிந்துரைக் கடிதங்கள், ஏதாவது ரப்பிகள் சங்கத்தில் உறுப்பினர் என்ற அத்தாட்சி ஆகியவற்றைத் தயாராக வையுங்கள்.

இந்த அமைப்பு எப்போது வேண்டுமானாலும் எண்டார்ஸ்மென்டைத் திரும்பப் பெறலாம். பெற்றால் சாப்லின் வேலையும் போய்விடும். அதனால் அவர்களோடு உறவைப் பேணுங்கள், வருடாந்திர அறிக்கை கேட்டால் தாமதிக்காதீர்கள்.

4. படிக்கும்போதே நுழைய ஒரு வழி

செமினரி மாணவர்களுக்கு சாப்லின் கேண்டிடேட் என்று ஒரு திட்டம் இருக்கிறது. ராணுவத்தில் செகண்ட் லெப்டினன்ட் பதவி தருவார்கள், கோடைகளில் பயிற்சிக்குப் போகலாம். படிப்பு முடியும் வரை போர்க்களத்துக்கு அனுப்ப மாட்டார்கள். இதற்கும் எண்டார்ஸ்மென்ட் அமைப்பின் ஒப்புதல் வேண்டும். இந்த வழி எங்களுக்கு முன்பே தெரிந்திருந்தால் அந்த 64 கிரெடிட் சிக்கல் இரண்டாம் வருடமே வெளிப்பட்டிருக்கும். செமினரியில் இருக்கும் பிள்ளைகள் இதை முதலில் பாருங்கள்.

5. சினகாக்கில் முதல் வேலை

முழுநேர ராணுவ சாப்லின் ஆக, பட்டத்துக்குப் பிறகு இரண்டு வருட முழுநேர மதப்பணி அனுபவம் கேட்பார்கள். ராணுவ ரிசர்வுக்கு இந்த நிபந்தனை இல்லை. ஆனாலும் இரண்டு வருடம் சினகாக்கில் இருந்துவிட்டுப் போவது நல்லது என்பது என் எண்ணம். மரண வீட்டில் என்ன பேசுவது, மணமுறியும் தம்பதியிடம் எதைப் பேசாமல் இருப்பது என்பதெல்லாம் அங்கேதான் பழகுகிறது.

வேலை தேடும் பருவம் குளிர்காலம், வசந்தம். ஒப்பந்தம் பெரும்பாலும் ஜூலை 1-இல் தொடங்கும். அந்தந்தப் பிரிவின் ரப்பிகள் சங்கம் வழியாகத்தான் வேலை இடங்கள் தெரியவரும்.

ஒப்பந்தத்தில் இரண்டு விஷயத்தை எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஒன்று, ரிசர்வ் வார இறுதிகள். படைப் பயிற்சி சனி, ஞாயிறு. சனிக்கிழமை ஷபாத் என்ற ஓய்வுநாள், சினகாக்கில் ரப்பி இருந்தே ஆக வேண்டிய நாள். வருடத்தில் பன்னிரண்டு சனிக்கிழமை ரப்பி இல்லாவிட்டால் சபை முணுமுணுக்கும். ராணுவப் பணிக்குப் போகிறவர்களின் வேலையைக் காக்க யூசெர்ரா என்ற கூட்டாட்சிச் சட்டம் உண்டு. ஆனால் சட்டத்தைக் காட்டிச் சபையோடு வாழ முடியாது. எந்தெந்த வாரம் போவேன், அன்று யார் தொழுகை நடத்துவார், அதற்கு யார் பணம் தருவார் என்று வேலை கேட்கும்போதே பேசிவிடுங்கள். ரோஷ் ஹஷானா, யோம் கிப்பூர் என்ற பெரிய திருநாட்கள் செப்டம்பர், அக்டோபரில் வரும். அந்த மாதப் பயிற்சியை வேறு தேதிக்கு மாற்றித் தர முடியுமா என்று படைப்பிரிவிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

இரண்டு, வரி. இதில் பல இளம் ரப்பிகள் அடிபடுகிறார்கள். வருமான வரிக்கு ரப்பி ஊழியராகக் கருதப்படுவார், ஆனால் சமூகப் பாதுகாப்பு வரிக்கு மட்டும் சுயதொழில் செய்பவர். அதாவது 15.3 சதவீதத்தையும் அவரே கட்ட வேண்டும். சபை பிடித்தம் செய்யாது. ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி என நான்கு தவணையில் நீங்களே கட்டாவிட்டால் அபராதம். மறுபக்கம் ஒரு சலுகையும் உண்டு. சம்பளத்தில் ஒரு பகுதியை வீட்டுப்படி என்று சபை நிர்வாகக் குழு முன்கூட்டியே தீர்மானம் போட்டு ஒதுக்கினால், அதற்கு வருமான வரி இல்லை. ஒதுக்கிய தொகை, உண்மைச் செலவு, வீட்டின் நியாயமான வாடகை மதிப்பு மூன்றில் எது குறைவோ அதுவரைதான். தீர்மானம் முன்தேதியிட்டுப் போட முடியாது. என் மகன் ஜூலையில் சேர்ந்தான், சபை தீர்மானம் போட்டது அக்டோபரில். மூன்று மாதச் சலுகை போனது போனதுதான்.

சமூகப் பாதுகாப்பு வரியிலிருந்து விலக 4361 என்ற படிவம் இருக்கிறது என்று யாராவது சொல்வார்கள். மத மனசாட்சி காரணமாக அரசுக் காப்பீட்டை எதிர்ப்பவர்களுக்கானது அது. திரும்பப் பெற முடியாது. பணம் மிச்சம் பிடிக்க அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

ராணுவச் சம்பளத்துக்கு இந்தத் தலைவலி இல்லை. அங்கே மற்ற அதிகாரிகளைப் போலவே பிடித்தம் நடக்கும், வீட்டுப்படி தனியாக வரும்.

கல்விக் கடன் இருந்தால் இதையும் கேளுங்கள். பொதுச்சேவைக் கடன் மன்னிப்புத் திட்டத்தில் 2021 ஜூலையிலிருந்து மதப்பணியும் சேர்கிறது. சபை 501(சி)(3) என்ற வரிவிலக்குள்ள, லாபநோக்கற்ற அமைப்பாக இருந்து நீங்கள் முழுநேரமாக வேலை செய்தால், 120 தவணை கட்டி முடித்ததும் மீதிக் கடன் தள்ளுபடி. முழுநேர ராணுவப் பணியும் கணக்கில் வரும். அதனால் வேலை மாறினாலும் எண்ணிக்கை அறுபடாது. ஒவ்வொரு வருடமும் வேலை அத்தாட்சிப் படிவத்தை அனுப்பிவிடுங்கள்.

6. ராணுவ விண்ணப்பக் கட்டும் அந்த நீண்ட படிவமும்

விண்ணப்பத்துக்குக் கட்டணம் எதுவும் இல்லை. மருத்துவப் பரிசோதனைக்கும் இல்லை. செலவெல்லாம் காகிதம் திரட்டுவதில்தான்.

விண்ணப்பக் கட்டுக்குள் இருக்க வேண்டியவை: பிறப்புச் சான்று, குடியுரிமைச் சான்று, எல்லாக் கல்லூரிகளின் அதிகாரபூர்வ டிரான்ஸ்கிரிப்ட், ரப்பிப் பட்டச் சான்று, டிடி 2088, பரிந்துரைக் கடிதங்கள், அனுபவக் கடிதம், திருமணமாகியிருந்தால் அதன் சான்று. ஆண்கள் செலக்டிவ் சர்வீஸ் என்ற கட்டாய ராணுவச் சேவைப் பட்டியலில் பதிந்த எண்ணையும் தர வேண்டும். டிரான்ஸ்கிரிப்ட் உறையை நீங்கள் பிரித்தால் செல்லாது. நான் ஒன்றைத் தபாலோடு தபாலாகப் பிரித்துவிட்டேன், மறுபடி வரவழைக்க மூன்று வாரம்.

முழுநேரச் சாப்லினுக்கு அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம். கிரீன் கார்டில் இருப்பவர்கள் என்-400 என்ற குடியுரிமை விண்ணப்பத்தை முன்கூட்டியே போடுங்கள். 2024 ஏப்ரலிலிருந்து இணையத்தில் போட்டால் 710 டாலர், தாளில் போட்டால் 760.

இனி எஸ்எஃப் 86. ரகசியத் தகவல் அனுமதிக்கான படிவம். நம் குடும்பங்களுக்குப் பெரிய வேலை இதுதான். பத்து வருட முகவரிகளை ஒரு நாள் இடைவெளிகூட இல்லாமல் எழுத வேண்டும். ஏழு வருட வெளிநாட்டுப் பயணங்கள், நெருங்கிய வெளிநாட்டுத் தொடர்புகள், வெளிநாட்டுச் சொத்து எல்லாம் வேண்டும். ஜெருசலேம் வருடத்துக்கு முகவரியும், உங்களை அங்கே தெரிந்தவரின் பெயரும் கேட்பார்கள். அந்த நோட்டு இதற்குத்தான்.

பெற்றோர் வெளிநாட்டில் பிறந்திருந்தால் அவர்களின் குடியுரிமைச் சான்று எண் வேண்டும். என் சான்று எங்கே போனதோ தெரியவில்லை. மாற்றுச் சான்றுக்கு 500 டாலருக்கு மேல் ஆனது, மாதங்களும் ஓடின. அம்மாக்களே, இன்றைக்கே உங்கள் பீரோவைத் திறந்து பாருங்கள்.

அடுத்தது பெயர். என் பிறப்புச் சான்றில் என் பெயர் மட்டும். பள்ளிச் சான்றில் அப்பாவின் பெயர் இனிஷியலாக முன்னால். இந்தியப் பாஸ்போர்ட்டில் அதே அப்பா பெயர் குடும்பப் பெயராகப் பின்னால். கல்யாணத்துக்குப் பிறகு கணவரின் குடும்பப் பெயர். ஊரும் அப்படியே. பிறப்புச் சான்றில் மாயூரம், தஞ்சாவூர் மாவட்டம். 1982-இல் ஊர் மயிலாடுதுறை ஆனது. பிறகு நாகப்பட்டினம் மாவட்டத்துக்குப் போய், 2020-இல் தனி மாவட்டமாகிவிட்டது. விசாரணை அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். ஆனால் ஒரே பெண்ணுக்கு நான்கு பெயர், ஒரே ஊருக்கு இரண்டு பெயர், மூன்று மாவட்டம் என்பதை அவருக்குப் புரியவைக்க ஒரு தனித்தாள் எழுதிக் கொடுத்தோம். எந்த ஆவணத்தில் எந்தப் பெயர், எந்த வருடத்திலிருந்து, ஏன் மாறியது என்று வரிசையாக. நீங்களும் அந்தத் தாளை முதலிலேயே எழுதி வையுங்கள். "இதுவரை பயன்படுத்திய பிற பெயர்கள்" என்ற கட்டத்தில் இனிஷியல் வடிவம் உட்பட எல்லாவற்றையும் போடுங்கள்.

சொத்து விஷயத்தில் மறைக்க வேண்டாம். வெளிநாட்டில் வீடு, நிலம் இருக்கிறதா என்பதோடு, வரப்போகிறதா என்றும் கேட்கிறார்கள். ஊரில் என் அப்பா வீட்டில் எனக்கு ஒரு பங்கு. அது பிற்காலத்தில் என் மகனுக்கு வரும். "இதையெல்லாமா எழுதணும்?" என்று என் தம்பி போனில் கேட்டான். எழுதினோம், ஒரு பிரச்சினையும் வரவில்லை. பாட்டியோடு வாரம் ஒருமுறை வாட்ஸ்ஆப்பில் பேசுவதையும் எழுதினான். சொன்னதால் யாரும் இவனைத் தடுக்கவில்லை. சொல்லாமல் விட்டுப் பிறகு தெரியவந்தால்தான் ஆபத்து.

7. ஓசிஐ அட்டை

இதை எங்களுக்கு யாருமே சொல்லவில்லை, அதனால் தனியாக எழுதுகிறேன். இந்திய அரசின் விதிப்படி, வெளிநாட்டு ராணுவத்தில் பணியில் இருப்பவர்களும் ஓய்வு பெற்றவர்களும், வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டைக்குத் தகுதியற்றவர்கள். சாப்லின் ஆயுதம் ஏந்தாதவர்தான், ஆனாலும் சீருடை அணிந்த அதிகாரி.

சின்ன வயதில் எடுத்த அட்டை என் மகனிடம் இருந்தது. அது இருப்பதை எஸ்எஃப் 86-இல் குறிப்பிட்டான். பதவி ஏற்பதற்கு முன் இந்தியத் தூதரகத்துக்கு எழுத்தில் தெரிவித்தான். இப்போது ஊருக்கு வருவதென்றால் விசா எடுத்துத்தான். விசா விண்ணப்பத்திலும் ராணுவப் பணி பற்றி ஒரு கேள்வி இருக்கிறது, அதற்கும் உண்மையே எழுத வேண்டும். ரகசிய அனுமதி உள்ளவர்கள் சொந்தப் பயணமாக வெளிநாடு போனாலும் படைப்பிரிவுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். திடீரென்று ஊரில் ஒரு சாவு என்றால் அன்றே விமானம் ஏறுவது நடக்காது. இதைத் தாத்தா பாட்டியிடம் முன்பே உட்கார்ந்து சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் எனக்கு அதிகம் வலித்தது இதுதான்.

8. மருத்துவமும் நேர்காணலும்

மெப்ஸ் என்ற மையத்தில் ஒரு முழுநாள் பரிசோதனை. பழைய மருத்துவப் பதிவுகளைக் கணினி வழியாகவே எடுத்துவிடுகிறார்கள். 13 வயதுக்குப் பிறகு ஆஸ்துமா இருந்ததாகப் பதிவு இருந்தால் விலக்கு வாங்க வேண்டும். என் மகனுக்கு 14 வயதில் நீண்ட இருமலுக்கு ஒரு மருத்துவர் இன்ஹேலர் எழுதியிருந்தார். ஆஸ்துமாவே இல்லை, ஆனால் மருந்துச் சீட்டு இருந்தது. நுரையீரல் சோதனை, நிபுணர் கடிதம், விலக்கு என்று மூன்று மாதம் போனது. பிள்ளையின் பழைய பதிவுகளை நீங்களே முதலில் வாங்கிப் படித்துவிடுங்கள்.

தாடி வைத்திருப்பவர்கள், அதற்கான மத விலக்கைப் பதவி ஏற்பதற்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். ஒரு ரப்பி தாடிக்காக ராணுவத்தின் மீது வழக்குப் போட்டு, சமரசமாகி, 2011-இல்தான் சேர முடிந்தது. விதிகள் அதன் பிறகும் மாறிக்கொண்டே இருக்கின்றன, வாய்மொழி உறுதியை நம்பாதீர்கள். கிப்பா என்ற தலைத்தொப்பிக்குப் பிரச்சினை இல்லை.

மூத்த சாப்லின் ஒருவர் நேர்காணல் செய்வார். எப்படியும் வரும் கேள்வி: "கிறிஸ்தவ வீரர் ஒருவர் வந்து ஞானஸ்நானம் வேண்டும் என்றால் என்ன செய்வீர்கள்?" செய்து வைக்கிறேன் என்பதும் தப்பு, முடியாது என்று அனுப்பிவிடுவதும் தப்பு. என் மதச் சடங்கை நான் செய்வேன், மற்றவர்களுக்கு வேண்டியதை ஏற்பாடு செய்து தருவேன் என்பதுதான் அங்கே வேலை. படையில் யூதர்கள் கொஞ்சம் பேர்தான். ரப்பி பார்க்கிறவர்களில் பெரும்பாலோர் வேறு மதத்தவர்கள், எந்த மதமும் இல்லாதவர்கள். அதை மனமார ஏற்றவர்கள் மட்டும் போங்கள். என் மகன் அந்தக் கேள்விக்கு, தன் வீட்டில் பாட்டி கந்தசஷ்டி விரதம் இருந்தபோது தான் பால் காய்ச்சிக் கொடுத்ததைச் சொன்னானாம்.

9. பயிற்சிக்குப் போகும்போது

ராணுவ சாப்லின்களுக்குத் தென் கரோலினாவின் ஃபோர்ட் ஜாக்சனில் பயிற்சி, சுமார் 12 வாரம். கடற்படைக்கு ரோட் ஐலண்டில் நியூபோர்ட். கடற்படை சாப்லின்கள்தான் மரீன் படைக்கும் கடலோரக் காவல்படைக்கும் போவார்கள்.

அதிகாரிகள் சீருடையைத் தாங்களே வாங்க வேண்டும். தொடக்கப் படியாக 400 டாலர் தருவார்கள், அதைத் தாண்டித்தான் செலவாகும். யூத சாப்லினின் சட்டைச் சின்னம் பத்துக் கட்டளைப் பலகையும் மேலே தாவீதின் நட்சத்திரமும். சின்னத்தை இரண்டு ஜோடியாக வாங்குங்கள், ஒன்று எப்படியும் தொலையும்.

கோஷர் உணவு, அதாவது யூத மதவிதிப்படியான உணவு, வேண்டும் என்று சேர்க்கைக் கடிதம் வந்தவுடனே மின்னஞ்சல் அனுப்புங்கள். பொட்டலமாகக் கோஷர் உணவு ராணுவத்திடம் இருக்கிறது, ஆனால் கேட்டால்தான் வரும். முதல் வெள்ளிக்கிழமைக்கு மெழுகுவர்த்தி, திராட்சை ரசம், ஒரு சின்னக் கிண்ணம் பெட்டியிலேயே இருக்கட்டும். மெழுகுவர்த்தியைத் தங்குமிடத்தில் கொளுத்த விடமாட்டார்கள், பேட்டரி விளக்கு ஒன்றும் எடுத்துப் போங்கள். படைப்பிரிவில் சேர்ந்த பிறகு பெசாக் பண்டிகைக்கான மட்ஸா ரொட்டியையும் மற்ற சாமானையும் ஜனவரியிலேயே கேட்டு எழுதிவிடுங்கள். பண்டிகை மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ வரும், தூர முகாமுக்குப் பெட்டி போய்ச் சேர அவ்வளவு நாள் ஆகும்.